ஆராய்ச்சியும் பொருளும்

பொருள் என்னும் சொல் தமிழில் செல்வத்தைக் குறிக்கும். சொல்லின் கருத்தையும் குறிக்கும். அறிவியல் ஆராய்ச்சியைப் பற்றி நாம் தமிழில் எழுதிவரும் கட்டுரைகளில் முதற்பொருள் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அது பேசப்படாமையால் இரண்டாம் பொருளும் குன்றிப் போகின்றது. இக்குறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிறரைச் சுட்டிக் குறைகூறுதல் எம் கருத்தன்று. எழுதுவோரும் கற்பிப்போருமாகிய நாம் அனைவரும் இதற்குப் பொறுப்பாளர்.

நம் அறிவியல் கட்டுரைகளின் அமைப்பை நேயர்கள் அறிவர். ஏதோ ஒரு நாட்டில் அறிஞர் ஒருவர் புதியது ஒன்றைக் கண்டார்; உலகம் வியந்தது; இனி இன்ன நோய் இராது, இன்ன குறை தீரும் என்று கட்டுரை முடியும். ஆசிரியர் அதனை வகுப்பில் படித்துக் காட்டுவார், மாணவர் வியப்பர். வியப்பு அறிவின் வாயில்தான். ஆனால் வாயிலில் நின்றவன் வீட்டைக் கண்டவனாகான். அவ்வாராய்ச்சிக்கு ஆன செலவு யாருடையது? அதனைத் தொடங்கிவைத்த கேள்வி யாருடையது? சோதனைக்கு உட்பட்டவர் யார்? வந்த பயன் யாரைச் சேர்ந்தது? இந்நான்கு வினாக்களையும் கேளாதவரை, அறிவியல் எங்கோ தொலைவில் நடக்கும் மாயமாகவே நம் பிள்ளைகளுக்குத் தோன்றும்.

இவ்வினாக்களுக்கு விடை தேட ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்ல வேண்டுவதில்லை. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நம் கண்முன்னே நடந்த ஆராய்ச்சிகளே போதும். அவற்றுள் மூன்றனை இங்கே எடுத்துக்கொள்வோம்.

புழுங்கலரிசி அளித்த சான்று

கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அந்நாளில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் 'பெரிபெரி' என்னும் நோயால் கூட்டம் கூட்டமாக மடிந்துகொண்டிருந்தனர். கால் வீங்கும், நரம்பு தளரும், இறுதியில் இதயம் ஓயும். அரசாங்கத்தின் வருவாயோ ஈயத்தை நம்பியிருந்தது. ஆள் மடிந்தால் ஈயம் இல்லை. ஈயம் இல்லையேல் கருவூலம் இல்லை. ஆதலின் பொதுப்பணம் இந்நோயை ஆராய முன்வந்தது. இரக்கமும் அதில் கலந்திருக்கலாம்; எனினும் கணக்கும் கலந்திருந்தது என்பதை மறத்தல் கூடாது.

கழகத்தின் முதல் இயக்குநராகிய ஹாமில்டன் ரைட் இது கிருமியால் வரும் நோய் என்று கருதினார். அக்கருத்துப் பிழையாயிற்று. இதற்கிடையே நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராடன் என்பவர் வேறொன்றைக் கவனித்தார். ஒரே நாட்டில், ஒரே வெயிலில் உழைத்தும் தமிழரைப் பெரிபெரி பற்றுவது அரிதாயிருந்தது. சீனரைப் பெரிதும் பற்றிற்று. சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. வேறுபாடு உலையில் இருந்தது!

பிராடனும் காரணத்தைச் சரியாகக் கூறினாரல்லர். வெள்ளரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகின்றது என்றே அவர் எண்ணினார். ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. அதனைச் சோதித்தவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அங்கிருந்த நோயாளரை வரிசையாக எண்ணி, ஒற்றைப்படை எண்ணுடையாரை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்ணுடையாரை மறுபக்கமும் குடியமர்த்தினார். ஒரு சாரார்க்குச் சயாம் வெள்ளரிசி. மற்றொரு சாரார்க்கு இந்தியப் புழுங்கலரிசி. ஏனைய உணவெல்லாம் ஒன்றே. நோய்க்கு இடமே காரணமோ என்ற ஐயத்தை நீக்க, நடுவில் இரு சாராரையும் இடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளரிசி உண்டாருள் பலரைப் பெரிபெரி பற்றியது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டார் பெரிதும் தப்பினர். இம்முடிவு 1907ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

அதே 1907ஆம் ஆண்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலானின் ஜெலுபு வட்டாரத்தில் டுரியான் திப்புஸ் என்னும் காட்டுப் பகுதியில் சாலை போட்டுக்கொண்டிருந்த சாவகத் தொழிலாளரிடையே இச்சோதனையை மீண்டும் நடத்தினர். முடிவு மாறவில்லை. அரிசியைத் தீட்டும்போது நீங்கும் தவிட்டோடு உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருள் போய்விடுகின்றது என்பது அதன்பின் தெளிவாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அப்பொருளின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊடுருவித் தங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினும் முற்றும் போவதில்லை. சாவகத்தில் எய்க்மன் கோழிகளைக் கொண்டு முன்னரே செய்த ஆராய்ச்சியோடு இஃது இணைந்தது. 1926ஆம் ஆண்டில் அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இன்று வைட்டமின் பி1 என வழங்குவது அதுவே. 1929ஆம் ஆண்டில் எய்க்மனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இனி நம் நான்கு வினாக்களையும் இங்கே பொருத்திப் பார்ப்போம். செலவு பொதுப்பணம். கேள்வி அரசாங்கத்தின் கேள்வி. பயன் உலகம் முழுமைக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கு எவரும் விலை வைக்கவில்லை. இவை போற்றத்தக்கன. ஆனால் மூன்றாம் வினா நெஞ்சைச் சுடுகின்றது. சோதனைக்கு உட்பட்டவர் மனநோய் விடுதியில் அடைபட்டோர். ஒப்புதல் அளிக்கவும் மறுக்கவும் இயலாதோர். அப்பதினெண்மரின் இறப்பு நம் உணவு நூல்களில் ஒரு வரியாகவும் இடம்பெறுவதில்லை. தலைமுறை தலைமுறையாக நெல் அவித்த தமிழ்ப் பெண்டிரின் கைப்பழக்கம் ஒரு பேருண்மைக்குச் சான்றாக நின்றது என்பதையும் நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 'வைட்டமின்களைக் கண்டவர் மேலைநாட்டார்' என்ற ஒரே வாக்கியத்தில் இவ்வளவும் புதைந்துவிடுகின்றது.

கத்திமுனையில் பிறந்த நிதி

இரண்டாவது எடுத்துக்காட்டு இரப்பர் ஆராய்ச்சிக் கழகம். 1925ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இக்கழகத்திற்கு நிதி வந்த வழி கருதத்தக்கது. நாட்டினின்று ஏற்றுமதியாகும் இரப்பரின்மீது ஒரு சிறு தீர்வை விதித்து, அதனைக் கொண்டு கழகம் நடத்தப்பட்டது. கோலாலம்பூர் அம்பாங் சாலையில் அலுவலகமும், சுங்கை பூலோவில் பரந்த ஆய்வுத் தோட்டமும் அமைந்தன. தீர்வையைச் செலுத்தியவர் ஏற்றுமதி செய்தவர் என்று கணக்குப் புத்தகம் கூறும். ஆனால் விடியுமுன் எழுந்து விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிரையில் நடந்த பால்வெட்டுத் தொழிலாளியின் கத்திமுனையில் அன்றோ அத்தீர்வை பிறந்தது?

இக்கழகம் ஆற்றிய பணி பெரிது. தெரிவு செய்யப்படாத விதைக்கன்றுகள் ஆண்டொன்றுக்கு எக்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ இரப்பரே தந்தன. கழகம் உருவாக்கிய ஒட்டு இனங்கள் அதனை இருமடங்கு, மும்மடங்கு ஆக்கின. 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்னும் இனம் தாய்லாந்திலும் இந்தியாவிலும் பரவலாக நடப்பட்டது. சிறுதோட்டக்காரர்க்கு அறிவுரை கூறியும், பட்டை கெடாமல் வெட்டும் முறையைப் பயிற்றுவித்தும் கழகம் தொண்டு புரிந்தது. இவற்றைக் குறைத்துக் கூறுதல் நன்றியன்று.

எனினும் கேள்வி யாருடையது என்று நோக்குக. மரம் எவ்வாறு மிகுதியாகப் பால் தரும்? எந்நோய் மரத்தைத் தாக்கும்? எம்மருந்தைத் தடவினால் வெட்டும் நாட்களைக் குறைக்கலாம்? கழகம் பெரும்பாலும் கேட்டவை இவை. தீர்வை எப்பொருளின்மீது விதிக்கப்பட்டதோ அப்பொருளையே ஆராய்ச்சியும் சுற்றிவந்தது. மரத்தின் கீழ் நின்றவனுடைய கூலி, அவன் குடியிருந்த லயம், அவன் பிள்ளையின் படிப்பு ஆகியன ஆராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டனவாய் நின்றன. விளைச்சல் பெருகியதற்கேற்பக் கூலி தானே பெருகிவிடவில்லை. அதனைச் சங்கம் அமைத்துக் கேட்க வேண்டியிருந்தது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில் சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி ஒரு கோரிக்கையாயிருந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தாரும் உண்டு. ஆய்வுத் தோட்டம் இருந்ததும் இவ்வேலைநிறுத்தம் நடந்ததும் ஒரே பள்ளத்தாக்கில் என்பதை நினைவில் கொள்க.

சுங்கை பூலோவில் இருந்த அந்நிலத்தின் பிற்கால வரலாறும் அறியத்தக்கது. ஏறத்தாழ 2,300 ஏக்கர் பரப்புள்ள அந்நிலத்தில் நகரம் அமைக்கும் திட்டம் 2010ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஊழியர் சேமநிதி வாரியத்தைச் சார்ந்த நிறுவனம் ஒன்று அதனை ஏற்றது. இன்று அங்கே குவாசா டாமான்சாரா எழுந்துள்ளது, தொடர்வண்டியும் ஓடுகின்றது. உழைப்போரின் தீர்வையால் வளர்ந்த ஆய்வு நிலம், உழைப்போரின் சேமிப்பால் நகரமாயிற்று. இதனை நன்றென்பாரும் உளர், வருந்துவாரும் உளர். யாம் கூறுவது இவ்வளவே: ஆராய்ச்சியின் பணம் எங்கிருந்து வந்தது என்று அறியாதவர்க்கு, அது எங்கே போயிற்று என்பதும் தெரியாது.

செம்பனையின் ஓடு

மூன்றாவது எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 2000ஆம் ஆண்டில் அமைந்தது. அதன் தலைமை நிலையம் பாங்கியில் உள்ளது. இதற்கும் செம்பனை எண்ணெயின்மீது விதிக்கும் தீர்வையே முதன்மையான ஊற்று. 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இவ்வாரியத்தின் அறிஞர், அமெரிக்க அறிஞரோடு இணைந்து, செம்பனையின் மரபணுத் தொகுதியை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, ராஜிந்தர் சிங் ஆகியோர் இப்பணியில் முன்நின்றனர்.

அவர்கள் கண்டவற்றுள் ஒன்றை எளிதில் விளக்கலாம். செம்பனையில் தடித்த ஓடுடைய வகை ஒன்று. ஓடே இல்லாத வகை மற்றொன்று. இவ்விரண்டின் கலப்பினால் பிறக்கும் மெல்லோட்டு வகையே ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுதியாக எண்ணெய் தருவது. இவ்வேறுபாட்டை ஆளுவது ஒரே ஒரு மரபணு என்று 1940களிலேயே அறிந்திருந்தனர். அது எம்மரபணு என்பது மட்டும் தெரியாதிருந்தது. 2013ஆம் ஆண்டில் அது தெரிந்தது. கன்றை நட்டு, அது காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, தடித்த ஓட்டைக் கண்டு ஏமாறிய நிலை மாறி, நாற்றங்காலிலேயே இலைத் துணுக்கைச் சோதித்து அறியும் வழி பிறந்தது.

இங்கே பயன் யாருக்கு? பெருந்தோட்டக்காரர்க்குப் பயன் உண்டு, ஐயமில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, நாட்டின் நாற்றங்கால்களிலும் தோட்டங்களிலும் எடுத்துப் பார்த்த செம்பனைகளில் 10 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை மெல்லோட்டு வகையல்லாதவை என்று காட்டிற்று. தவறான கன்றை வாங்கினால் பெரிதும் கெடுபவர் நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர். ஆகவே இவ்வாராய்ச்சி அவர்க்கும் அரணாக அமையும். அச்சோதனை அவர் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால். இந்த 'ஆல்' என்னும் விகுதியில்தான் ஆராய்ச்சியின் அறம் முழுதும் தங்கியிருக்கின்றது. நம் நாளிதழ்கள் இச்செய்தியை வெளியிட்டபோது மரபணுவைப் போற்றின, விலையைக் கேட்கவில்லை.

தீர்வையும் கருவூலமும்

பணம் தருவோர் கேள்வி கேட்பது குற்றமா என்று ஒருவர் வினவலாம். குற்றமன்று, அஃது இயல்பு. இரப்பர் தந்த பணம் இரப்பரை ஆராய்வதும், செம்பனை தந்த பணம் செம்பனையை ஆராய்வதும் முறையே. ஆனால் விளைபொருளாக விற்க முடியாத கேள்விகளும் உலகில் உண்டு. ஏழையின் நோய், மண்ணின் வளம், ஆற்றின் தூய்மை ஆகியவற்றிற்குத் தீர்வை செலுத்துவார் இலர். அவற்றைக் கேட்கப் பொதுக்கருவூலம் ஒன்றே உண்டு. ரைட்டைப் போலப் பிழைபடுவதற்கும், பிளெட்சரைப் போலத் திருத்துவதற்கும் காலம் தரவல்லது அதுவே. விளைச்சலை மட்டும் எதிர்நோக்கும் பணம் பிழையைப் பொறுக்காது.

அப்பொதுப்பணத்தின் நிலை என்ன? மலேசியா ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் செலவிட்ட தொகை, அரசாங்கமும் தொழில் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, நாட்டின் மொத்த உற்பத்தியில் 2016ஆம் ஆண்டில் 1.44 விழுக்காடாக இருந்தது. 2018இல் 1.04 ஆயிற்று, 2020இல் 0.95 ஆயிற்று. 2030ஆம் ஆண்டிற்குள் 3.5 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. இவ்வெண்களைத் தமிழ்க் கட்டுரைகளில் காண்பது அரிது. ஏறவேண்டிய ஏணியில் நாடு இறங்கியதை அறியாமல் புதிய கண்டுபிடிப்புகளை மட்டும் போற்றிக்கொண்டிருத்தல், வயல் காய்வதைப் பாராமல் பொங்கற் பானையைப் புகழ்வது போலாகும்.

ஆளுக்கொரு வெள்ளி

இவ்விடத்தில் நம் சமுதாயம் செய்த ஒரு செயலை நினைவுகூர வேண்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளி என்று கேட்டார். தோட்டத் தொழிலாளரும் தோட்டியரும் துறைமுகக் கூலிகளும் தந்தனர். அப்பணம் துறையின் நூலகத்தில் தமிழ் நூல்களாக நின்றது. 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிய துறை 1959இல் கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் தனிநாயக அடிகளார் அங்கே பணியேற்றார். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிலேயே கூடிற்று.

இதற்கும் இரப்பர்த் தீர்வைக்கும் உள்ள வேறுபாட்டை உன்னுக. இரண்டும் உழைப்பாளியின் வியர்வையில் வந்த பணம். தீர்வையில் அவனை எவரும் கேட்கவில்லை. அவன் கேள்வியும் இடம்பெறவில்லை. நிதியில் அவனே தந்தான். 'என் மொழியை ஆராய்க' என்று அவனே கேட்டான். எழுதப் படிக்கத் தெரியாதவனும் ஆராய்ச்சியின் கேள்வியைத் தீர்மானிக்கலாம் என்பதை அந்த ஒரு வெள்ளி காட்டிற்று. மொழிக்காக இதனைச் செய்த சமுதாயம் அறிவியலுக்காக இன்னும் செய்யவில்லை. நம் குறை இங்கேதான் உள்ளது.

இன்றைய உலை

செய்வதற்குக் கேள்வி இல்லையா? உண்டு, அது மீண்டும் நம் உலையிலேயே இருக்கின்றது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வளர்ந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியருள் அது 31.4 விழுக்காடு. மூவருள் ஒருவர் என்னும் அளவிற்கு நெருங்கிய தொகை இது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று 21 நாடுகளில் 1,32,373 பேரைத் தொடர்ந்து நோக்கி, தீட்டிய வெள்ளரிசியை மிகுதியாக உண்பார்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி என்றும், தெற்காசியரிடம் அத்தொடர்பு வலிதாக உள்ளது என்றும் கூறிற்று. சென்னை அறிஞரும் அதில் பங்கேற்றனர். அரிசி ஒன்றே காரணம் என்று எவரும் கூறார். உழைப்புக் குறைந்ததும், இனிப்பு மிகுந்ததும், பரம்பரையும் சேர்ந்தே நிற்கின்றன.

ஆயினும் நினைத்துப் பார்க்க. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் தமிழனின் அரிசி அவனைக் காத்தது. அதனைக் கண்டு மற்றவர் கேள்வி கேட்டனர். இன்று அதே நகரில் தமிழனின் உணவும் வாழ்க்கையும் அவனைக் கெடுக்கின்றனவோ என்ற ஐயம் எழுந்துள்ளது. இன்று கேட்பவர் யார்? பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அரிசி வாங்கும் குடும்பங்களுள் எத்தனை இன்னும் புழுங்கலரிசி உண்கின்றன? கிள்ளானில் தோட்டத்தைவிட்டு அடுக்குமாடிக்கு வந்தோரின் உழைப்பும் உணவும் எவ்வாறு மாறின? இவை பெரும் இயந்திரம் வேண்டும் கேள்விகளல்ல. ஆசிரியர் ஒருவரும் மாணவர் முப்பதின்மரும் தம் வீட்டு உலையிலிருந்தே கணக்கெடுக்கத் தொடங்கலாம். அதனைப் பல்கலைக்கழகத்திற்கு எடுத்துச்சென்று, 'இதனை ஆராய்க. எங்கள் பங்கு இது' என்று ஒரு நிதியோடு நிற்கவும் நம் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் ஆற்றல் உண்டு.

தமிழாசிரியரிடம் ஒன்று வேண்டி முடிக்கின்றோம். இனி அறிவியல் கட்டுரை ஒன்றை வகுப்பில் படிக்கும்போது, கண்டவர் பெயரை எழுதிய கரும்பலகையில் அதன் கீழே நான்கு வரிகளுக்கு இடம் விடுக. செலவு, கேள்வி, உடல், பயன் என்று எழுதி, மாணவரை நிரப்பச் சொல்க. கட்டுரையில் விடை இல்லையெனில் அவ்வரி வெறுமையாகவே நிற்கட்டும். அவ்வெறுமையைக் கண்டு பழகிய பிள்ளை, பின்னாளில் அதனை நிரப்ப எழும்.